மூன்றாவது கிட்டார்

கீழக்கரையில் ஹாஜா முகைதீனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான்: மனிதர் ஒரு குக்கர் வாங்குவதென்றாலும் ஊரையே விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார். கடைக்காரரைக் கேட்பார், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பார், அதே குக்கரைப் போன வருடம் வாங்கியவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டே கேட்பார். கடைசியில், "வர்ற ஆளு கையில குடுத்துவிடச் சொல்லுவோம்" என்பார். வர்ற ஆள் என்றால் வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற ஆள். அந்த ஊரில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான். சோப்பு, சென்ட், தைலம், டார்ச் லைட் எல்லாமே யாரோ ஒருவரின் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே படுத்து வந்தவை. இங்கேயே கடையில் கிடைக்கிறதே என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். அப்படியொரு நம்பிக்கை!

குக்கர் விஷயத்தில் இந்தப் பழக்கம் யாரையும் கெடுக்கவில்லை. ரெக்கார்டர் விஷயத்தில் கெடுத்தது.

ஹாஜா சவுதியில் தம்மாம் நகரத்தில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரசர் அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே அவருடைய அறையில் ரோமுலோ என்றொரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கட்டிலில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். பார்த்துப் பார்த்து ஹாஜாவும் கற்றுக்கொண்டார். ரோமுலோ வேலையை விட்டுப் போகும்போது தன் எலக்ட்ரிக் கிட்டாரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார் ஹாஜாவை விட்டுப் பிரிந்ததில்லை. லீவுக்கு அவரோடு வரும், அவரோடு திரும்பிப் போகும்.

அவர் கல்யாணம் முடித்து வந்தது ஜுனைதாவின் வீட்டுக்கு. அந்த ஊர் வழக்கம் அப்படி. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஜுனைதாவின் வாப்பா வாவு முகம்மது, மருமகனின் பெட்டியோடு வந்த கிட்டார் உறையைப் பார்த்தார். ஊரில் பாட்டுக் கேட்காத வீடு என்று ஒன்றுமில்லை. ஆனால் அவர் மனசு வேறு. அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க கைய நான் கட்டிப்போடல. ஆனா புள்ளைக்கி நான் குடுத்த இந்த வீட்டுல அந்தச் சத்தம் மட்டும் கேக்க வேணாம். எனக்காக."

"கேக்காது மாமா" என்றார் ஹாஜா.

அந்த ஒரு வார்த்தையை அவர் காப்பாற்றிய விதம் இருக்கிறதே! தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி வாங்கினார். அதைக் கிட்டாரில் செருகி, அதில் ஹெட்போனைச் செருகினால் வாசிக்கிறவர் காதுக்குள் மட்டும் கேட்கும். வெளியே இருப்பவர்களுக்குக் கம்பியைச் சுண்டுகிற காய்ந்த ஓசை, டக்கு டக்கு என்று, அவ்வளவுதான். கீழே அடுப்படியில் ஜுனைதாவுக்கு அந்த டக்கு டக்கு பழகிப்போனது. ஓசை நின்றால் மச்சான் முடித்துவிட்டார் என்று டீயை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவாள். மாமா மௌத்தாகி வருடங்கள் ஆயின. அதற்குப் பிறகும் ஹெட்போன் இல்லாமல் அந்த வீட்டில் அவர் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. "வாப்பாதான் இல்லையே" என்று யாராவது சொன்னால், "வார்த்தை இருக்குல்ல" என்பார்.

இனி அவருடைய பாட்டுக்கு வருவோம். பாட்டு என்றால் வார்த்தை கிடையாது, வெறும் கிட்டார். மகள் மின்ஹா பிறந்த அன்று அவர் தம்மாமில் கம்ப்ரசர் அறையில் இருந்தார். போன் வருமா, நல்ல சேதி வருமா என்று காத்துக்கிடந்த அந்தப் பொழுதில் மனசுக்குள் ஓடத் தொடங்கியது அது. வருடக்கணக்கில் வளர்ந்தது. ஆனால் அதற்கு மூன்று கிட்டார் வேண்டும். முதல் கிட்டார் கீழ்க் கம்பிகளில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது அதன்மேல் ராகம் பாடும். மூன்றாவது எப்போதாவதுதான் வரும். கம்பியை அமுக்காமல், குறித்த இடத்தில் விரலை லேசாக வைத்து எடுத்தால் மணி அடித்தது போல ஒரு சத்தம் வருமே, அந்த மணிகள் மட்டும்தான் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக வாசிப்பார். மூன்றும் சேர்ந்து ஒலிப்பதை அவர் தன் தலைக்குள் மட்டும்தான் கேட்டிருந்தார். இருப்பது ஒரு கிட்டார், இரண்டு கை, என்ன செய்ய முடியும்?

ஊரோடு வந்து சேர்ந்து சில வருடம் கழித்து, வாசல் மணி அடிப்பது அவருக்குக் கேட்காமல் போகத் தொடங்கியது. ஜுனைதா விடாப்பிடியாக ராமநாதபுரத்துக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்த டாக்டரம்மா காகிதத்தில் இறங்கிக்கொண்டே போன கோட்டைக் காட்டினார். மெஷின் சத்தத்திலேயே இருந்து காது நரம்பு கெட்டிருக்கிறது. கீச்சென்ற மேல் சத்தங்கள் முதலில் போகும். இவருக்குக் கோடு வேகமாக இறங்குகிறது. போனது திரும்ப வராது. பேச்சுக் கேட்க மெஷின் வைத்துக்கொள்ளலாம்.

"பாட்டு கேக்குமா டாக்டர்?" என்றார் ஹாஜா.

"கேக்கும். முழுசாக் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஹெட்போன எவ்வளவு கொறைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது."

திரும்பும் பஸ் திருப்புல்லாணியைத் தாண்டியது. ஹாஜா ஜுனைதாவின் பக்கம் திரும்பிச் சொன்னார். "மூணும் சேந்து ஒரே ஒரு தடவ என் காதால கேட்டுட்டாப் போதும் ஜுனைதா. அதுக்கப்புறம் போனாப் போகட்டும்." மூன்று என்று எதைச் சொல்கிறார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த மின்ஹா, போனிலேயே பதியலாம் என்று ஒரு செயலி இறக்கிக் கொடுத்தாள். முதல் கிட்டாரைக் கேட்டுக்கொண்டு இரண்டாவதை வாசித்தால், போட்டுக் கேட்கும்போது இரண்டாவது ஓர் இமைப்பொழுது பிந்தி வந்தது. சேர்ந்து தொழ நின்றவர்களில் ஒருவர் மட்டும் பிந்திக் குனிகிற மாதிரி இருந்தது அவருக்கு. போன் வேலைக்காகாது. இதற்கென்றே கையடக்க ரெக்கார்டர்கள் இருக்கின்றன. ஒரு டிராக்கில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் பதியலாம், முதலில் பதிந்தது அழியாது, பிந்தவும் பிந்தாது.

அவ்வளவுதானே, வாங்கிவிட வேண்டியதுதானே? ஹாஜாவா வாங்குவார்! நாலு டிராக் உள்ள உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்று. எட்டு டிராக்கும், தாளம் போடுகிற வசதியும், ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு தள்ளுபொத்தானும் உள்ள, புத்தக அளவு ரெக்கார்டர் ஒன்று. அதைவிடப் பெரியது ஒன்று. ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், பேட்டரியில் ஓடாது. தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, இவற்றைப் பற்றி யார் யாரோ பேசுகிற வீடியோக்களைப் பார்த்தார். மூன்று கிட்டாருக்கு நாலு டிராக் போதும்தான். ஆனால் நாளைக்கு நாலாவது கிட்டார் தோன்றி, ஐந்தாவதும் தோன்றினால்?

"உள்ள மூணே இன்னும் வெளிய வரல. அஞ்சாவதுக்கு இப்பவே எடம் பாக்குறீகளா?" என்றாள் ஜுனைதா.

ஒருவழியாகப் புத்தக அளவுதான் என்று முடிவானது. உடனே அந்த வார்த்தையும் வந்தது. "ஆதிலு நோன்புப் பெருநாளைக்கி வாரான். துபாய்ல வாங்கிக் கொண்டாரச் சொல்லிட்டேன்." ஆதில் அவருடைய ராத்தா மகன், அதாவது அக்கா மகன்.

"மதுரைல கெடைக்காதா மச்சான்?"

"கெடைக்கும். அங்க உள்ளது மாதிரி வருமா?"

அதுவரை காதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஹாஜா கிட்டாரை உறையில் போட்டு மூடினார். மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியை வீணாக்காமல் பதிகிற அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. மாடியில் டக்கு டக்கு நின்றது. பெருநாள் வந்தது, ஆதில் வரவில்லை. கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன் என்றான். ஜுனைதா மறுபடியும் மதுரையைச் சொல்லிப் பார்த்தாள். "இம்புட்டு நாளு பொறுத்தாச்சு" என்றார் அவர். பொறுத்தது அவர்தான். காது பொறுக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆதில் வந்தான். சலாம் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினான். தலையில் இரண்டு மைக் முளைத்த, டார்ச் லைட் போன்ற ரெக்கார்டர். "மாமா, நீங்க சொன்னது பழைய மாடலாம். கடைக்காரனே சொன்னான். இதுதான் இப்பப் புதுசு, சத்தம் கண்ணாடி மாதிரி எடுக்கும்" என்றான்.

ஹாஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பொருள்தான். சொற்பொழிவு பதியலாம், கல்யாண வீட்டில் துஆ ஓதுவதைப் பதியலாம். ஆனால் ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதான். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கிட்டாரை அதில் ஏற்ற முடியாது. ஆசையாகக் கொண்டுவந்த பிள்ளையிடம் என்ன சொல்வது? "நல்லா இருக்குடா" என்று சொல்லி அவனைச் சாப்பிடவைத்து அனுப்பினார்.

அன்று லுஹர் தொழுதுவிட்டு வந்து, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கிட்டாரை எடுத்தார். தீப்பெட்டிக் கருவியைச் செருகினார், ஹெட்போனை மாட்டினார். மூன்றாவது கிட்டாரைத்தான் முதலில் வாசித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரியை மாற்றினார். வயரை மாற்றினார். சத்தத்தைக் கூட்டினார், காதுக்குள் வலித்ததே தவிர மணி அடிக்கவில்லை. கடைசியில் கீழ்க் கம்பியைத் தட்டினார். அது தெளிவாகக் கேட்டது. வயரில் கோளாறு இல்லை.

வெகுநேரமாகியும் மாடியில் ஒரு ஓசையும் இல்லையே என்று ஜுனைதா டீயோடு ஏறினாள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் அழுதுகொண்டிருந்தார். "போயிருச்சு ஜுனைதா. நானே போக விட்டுட்டேன். கைக்கெட்டுற தூரத்துல மதுரை இருக்கு, நான் துபாயப் பாத்து ஒக்காந்திருந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பர்தாவை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "கெளம்புங்க. மதுரைக்கிப் போறோம்."

"இனி எதுக்கு? எனக்குக் கேக்காதே."

"எனக்குக் கேக்கும்ல?"

ஹாஜா திகைத்து நின்றார். இத்தனை வருடத்தில் அவள் அவருடைய வாசிப்பைக் கேட்டதேயில்லை. அவர் கேட்கச் சொன்னதுமில்லை. "மாமாகிட்ட வார்த்தை குடுத்திருக்கேன்" என்று இழுத்தார்.

"இந்த வீட்டுல சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான வாப்பா சொன்னாக? என் காதுக்குள்ள கேக்கக்கூடாதுன்னு சொல்லலையே. இத நான் மொதல்லயே கேட்டிருக்கணும். எனக்கும் புத்தியில்ல."

மதுரைக் கடையில் பையன் மூன்று ரெக்கார்டர்களை எடுத்து மேசையில் வைத்தான். ஹாஜாவுக்குப் பழைய வியாதி தலைகாட்டியது. இதில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், அதில் கார்டு எவ்வளவு கொள்ளும் என்று ஆரம்பித்தார். ஜுனைதா நடுவே புகுந்தாள். "தம்பி, இதுல ஹெட்போன் ஓட்டை ஒண்ணுதான இருக்கு? நாங்க ரெண்டு பேரு கேக்கணும்." ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற வயரை அவன் எடுத்துக் கொடுத்தான். அடுத்து, மூன்று கிட்டாரையும் பதிந்த பிறகு ஒன்றை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்று கேட்டாள். மூன்றிலுமே முடியும் என்றான். உள்ளங்கை ரெக்கார்டரை இயக்கிக் காட்டினான். சின்னத் திரையில் எறும்பு போல என்னவோ ஊர்ந்தது. புத்தக அளவு ரெக்கார்டரை இயக்கினான். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு தள்ளுபொத்தான், அதன் தலைமாட்டில் ஒரு பச்சை விளக்கு. அந்த டிராக்கில் சத்தம் வந்தால் விளக்கு எரிகிறது, நின்றால் அணைகிறது.

"இதுதான்" என்றாள் ஜுனைதா. "ஆளுக்கு ஒரு வெளக்கு இருக்கு. உங்களுக்குக் கேக்காட்டாலும் மூணாவது ஆளு வந்துட்டாருன்னு தெரியும்ல?"

ஹாஜா பணத்தை எடுத்து நீட்டினார். வாழ்க்கையில் விசாரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

முதல் கிட்டாரும் இரண்டாவது கிட்டாரும் தாமதமின்றிப் பதிவாகின. அவற்றின் கீழ் சத்தங்கள் அவருக்கு இன்னும் நன்றாகவே கேட்டன, கையும் மறக்கவில்லை. மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தியது. விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் மணிக்குப் பதிலாகச் செத்த சத்தம்தான் வரும். இரண்டுக்கும் பச்சை விளக்கு ஒரே மாதிரிதான் எரியும். மணியா, செத்ததா என்று அவருக்குத் தெரியாது.

ஜுனைதா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவர் ஒவ்வொரு மணியாக அடிப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார்.

"இது?"

"தகரத்தத் தட்டுன மாதிரி இருக்கு."

விரலை நகர்த்துவார். "இது?"

"ம்... இது சரி. இதுதான் மணி."

இசை என்றால் என்னவென்று ஒரு நாளும் படிக்காதவள். ஆனால் அவர் பிழை விட்டால் அவளுக்குத் தெரிந்தது, தயவு பார்க்காமல் சொன்னாள். "இன்னொருக்கா அடிங்க. இல்ல, இன்னும் வரல." அவருக்கு விரல் நுனி எரிந்தது. பாங்கு சொன்னால் எழுந்து தொழப் போவார், வந்து மறுபடியும் உட்காருவார். கடைசி மணி சரியாக விழ ஒரு வாரம் பிடித்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஹாஜா மூன்று தள்ளுபொத்தான்களையும் மேலே தள்ளி, ரெக்கார்டரை ஓடவிட்டார். இருவர் காதிலும் ஹெட்போன். முதல் விளக்கு எரிந்தது. கிட்டார் நடக்கத் தொடங்கியது, அவருக்குக் கேட்டது. இரண்டாவது விளக்கு எரிந்தது. ராகம் வந்து சேர்ந்துகொண்டது, அதுவும் கேட்டது. கையில் கிட்டார் இல்லாமல், சும்மா உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு அந்த இடம் வந்தது. மூன்றாவது விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்து அணைந்தது. அவர் காதில் ஒன்றுமில்லை. அவர் விளக்கைப் பார்த்தார், ஜுனைதாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். விளக்கு எரியும்போதெல்லாம் அவள் விரல் தன்னையறியாமல் அவர் முழங்காலைத் தொட்டது.

முடிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"மூணாவது ஆளு வந்தாரா?" என்றார் ஹாஜா.

தலையாட்டினாள். "மச்சான், கீழ அடுப்படில எனக்கு டக்கு டக்குன்னு கேக்கும். நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. முடிச்சிட்டீகன்னு நெனச்சி டீய எடுத்துக்கிட்டு வந்துருவேன்ல?"

"ஆமா."

"அப்பல்லாம் இதுதானா?"

கம்பியில் விரலை லேசாக வைத்து எடுத்தால் காய்ந்த ஓசைகூட வெளியே கேட்காது. ஹாஜா அவளைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது கிட்டாரின் பாதியில்தான் கதவு திறக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு டீயை வாங்கிக்கொள்வார். ஆறட்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீங்க?" என்று அவள் அழுதாள். "பாதியில பாதியில வந்து நிப்பாட்டிருக்கேனே. காது கேக்கும்போதே முழுசாக் கேட்டிருப்பீகளே."

"நீ டீயக் கொண்டு வருவியே" என்றார் ஹாஜா. தன் ஹெட்போனைக் கழற்றிக் கிட்டாரின் மேல் வைத்தார். "இன்னொருக்கா கேக்குறியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றாள். அவர் முதலிலிருந்து ஓடவிட்டார். மாடி அமைதியாக இருந்தது. முதல் விளக்கு எரிந்தது, இரண்டாவது எரிந்தது. ஹாஜா தன் முழங்காலை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.